பதினாறில் ஒப்போலை

(ஆத்தூரில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்தலில் ஒப்போலை இடும் அகவையைப் பதினெட்டிலிருந்து பதினாறாகக் குறைக்கலாமா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். தொடங்குமுன் ஒரு சொல். 'ஓட்டு' என்பது ஆங்கிலம். 'வாக்கு' என்பதை வடசொல்லென விலக்குவாரும் தமிழெனக் கொள்வாரும் நம்மிடையே உளர். அந்த வழக்கை இன்று அவிழ்க்கப் போவதில்லை. நம்மவர் ஆளும் 'ஒப்போலை' என்ற சொல்லையே நானும் ஆள்கிறேன்.

பதினாறு அகவைப் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒப்போலையா என்று கேட்டவுடன் பெரியவர்கள் நகைக்கிறார்கள். மீசை முளைக்காதவனிடம் நாட்டைக் கொடுப்பதா என்கிறார்கள். இந்த நகைப்பு பழையது. கரிகாலனைப் பற்றி ஒரு கதை உண்டு; பழமொழி நானூற்றில் அதன் குறிப்பு இருக்கிறது. வழக்குரைக்க வந்த முதியவர் இருவர், அரியணையில் இருப்பவன் இளையவன் என்று கண்டு, இவனா நம் வழக்கை ஆய்ந்து முடிவு சொல்வான் என்று தயங்கினர். அவனோ நரைமுடி அணிந்து முதியவன் போல் வந்து அமர்ந்து, அவர்கள் வழக்கைக் கேட்டு முடிவு கூறினான். கூறியது அதே இளைஞனின் அறிவுதான். ஆனால் அதை ஏற்பதற்கு அவர்களுக்கு நரைத்த மயிர் தேவைப்பட்டது! இக்கதையை நாம் கரிகாலனின் பெருமைக்காகச் சொல்கிறோம். அந்த முதியவர் இருவரையும் பற்றி ஏனோ ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குடியாட்சி என்றவுடன் நம் மேடைகளில் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டி, ஆயிரமாண்டுக்கு முன்பே தமிழன் தேர்தல் நடத்தினான் என்று முழங்குவது வழக்கமாகிவிட்டது. நானும் அக்கல்வெட்டை மதிக்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு முழங்க வேண்டும். முதற் பராந்தகன் காலத்தில் 919 இலும் 921 இலும் வெட்டப்பட்ட அவை இரண்டும், பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பட்ட ஒரு சதுர்வேதிமங்கலத்தின் அவைக்குரிய விதிகள். பின்னைய கல்வெட்டின்படி, உறுப்பினராகத் தக்கவன் 35 அகவைக்கு மேல் 70 அகவைக்கு உட்பட்டவன், கால் வேலி நிலமும் சொந்த மனையும் உடையவன், ஆரியமறை பயின்றவன். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கிய பின், அவற்றை எடுப்பதற்கு ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனை அழைத்தார்கள். சூது நிகழாதிருக்கச் சிறுவனின் கை வேண்டியிருந்தது. அவன் கருத்தை எவரும் கேட்கவில்லை. ஆகவே இப்பொருளுக்கு உத்தரமேரூரை நான் துணைக்கு அழைக்க மாட்டேன். குடவோலை என்னும் முறை அதனினும் பழையது. அகநானூற்றிலேயே அதற்குச் சான்றுண்டு. அது போதும் நமக்கு.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டம் 326 ஆம் பிரிவில் ஒப்போலைக்கு உரிய அகவையை 21 என்று வைத்தது. இந்த இருபத்தொன்று எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயரின் பழைய சட்ட மரபிலிருந்து வந்தது. நம் நாட்டிலோ 1875 ஆம் ஆண்டின் சட்டப்படியே பதினெட்டு நிரம்பியவன் முழு அகவையன். நிலம் விற்கலாம், வாங்கலாம், கடன் முறியில் கையொப்பமிடலாம். தன் காட்டை விற்கத் தகுதியுள்ளவனாகக் கருதப்பட்ட ஒருவன், தன் ஊருக்குச் சட்டமன்ற உறுப்பினர் யாரென்று சொல்லத் தகுதியற்றவனாக முப்பத்தொன்பது ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்தான்.

அதன் கொடுமை வேறெந்த இனத்தையும்விட நம்மைத்தான் சுட்டது. 1965 சனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகிறது என்றவுடன் தெருவில் இறங்கியவர் யார்? கல்லூரி மாணவரும் உயர்பள்ளி மாணவருமே. சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். தடியடி பட்டவரும் சிறை சென்றவரும் ஆயிரக்கணக்கினர். இரண்டாண்டு கழித்து 1967 பிப்பிரவரியில் தேர்தல் வந்தது. பேராயக் கட்சி தமிழ்நாட்டில் வீழ்ந்தது. அதன்பின் இன்றுவரை அது இங்கே ஆட்சிக்கு வந்ததில்லை. அந்தத் தேர்தலுக்குத் தீ மூட்டியது மாணவர் போராட்டம் என்பதை அறியாதாரில்லை. ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1965 இல் பதினேழு அகவையினனாக ஊர்வலத்தில் நடந்தவனுக்கு 1967 இல் பத்தொன்பது. அன்று பதினெட்டு என்றாலும் இருபதுதான். அவனுக்கு ஒப்போலை இல்லை! அவன் முதல் ஒப்போலையை இட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எவனுடைய முதுகில் தடி விழுந்ததோ, அவன் சார்பாக அவன் தந்தை போய் முத்திரை குத்தி வந்தார். தந்தையர் அன்று நல்ல முடிவெடுத்தார்கள் என்பது நம் பேறு. ஆனால் உரிமை என்பதைப் பிறர் நல்லெண்ணத்தில் விட்டுவைப்பதை நாம் வேறெங்கேனும் ஒப்புகிறோமா? தில்லி நமக்கு நல்லதே செய்யும், நீங்கள் வாளாவிருங்கள் என்றால் ஏற்கிறோமா?

பதினெட்டாகக் குறைத்த கதை 1988 இல் நடந்தது. இராசீவ் காந்தி தலைமையமைச்சராக இருந்தபோது அதற்கான சட்ட முன்வரைவு வந்தது. மக்களவை திசம்பர் 15 அன்றும் மாநிலங்களவை திசம்பர் 20 அன்றும் அதை நிறைவேற்றின. மாநிலங்களில் பாதிக்குக் குறையாதவற்றின் இசைவும் பெற்று, 1989 மார்ச்சு 28 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 61 ஆம் திருத்தமாயிற்று. நாடாளுமன்றத்தில் அது நிறைவேறியபோது தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை; குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. 1989 சனவரி 21 அன்று இங்கே சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது திருத்தம் நடைமுறைக்கு வந்திராததால், பதினெட்டும் இருபதும் ஆனவர்கள் வாயிலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தலில்தான் அவர்கள் முதன்முதலாகச் சாவடிக்குள் நுழைந்தார்கள். இந்திய ஒன்றியத்தில் 1984 இல் ஏறத்தாழ 40 கோடியாக இருந்த ஒப்போலையாளர் தொகை 1989 இல் ஏறத்தாழ 50 கோடியாயிற்று.

இளைஞரைச் சேர்த்தால் ஏதேனும் ஒரு கட்சி அவர்களை மொத்தமாக அள்ளிக்கொள்ளும் என்று அன்றும் அஞ்சினார்கள். என்ன நடந்தது? உரிமையைக் கொடுத்த இராசீவ் காந்தியே அத்தேர்தலில் தில்லி ஆட்சியை இழந்தார். தமிழ்நாட்டில் அவர் கட்சியும் அதன் கூட்டாளியும் 39 இடங்களில் 38 ஐப் பிடித்தன. பத்துத் திங்களுக்கு முன் சட்டமன்றத்தில் வென்ற கட்சி ஓரிடமும் பெறவில்லை. இதற்கும் இளைஞர்க்கும் தொடர்பில்லை. கூட்டணி மாறியதே கரணியம். புதிதாக வந்தவர் மற்ற மக்களைப் போலவே பலவாறாகப் பிரிந்து நின்றார்கள் என்று கொள்வதே அறிவுக்குப் பொருந்தும்.

அந்தச் சட்ட முன்வரைவின் நோக்கவுரையில் ஒரு செய்தி இருக்கிறது. அதை மறவாமல் வையுங்கள். சில மாநில அரசுகள் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு முன்னதாகவே பதினெட்டு அகவையை ஏற்றுக்கொண்டுவிட்டன என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதாவது, மாநிலங்கள் முந்தின. தில்லி பின்னால் வந்தது.

ஈழத்தைப் பற்றிச் சொல்லாமல் இப்பொருளை முடிக்க என்னால் இயலாது. இலங்கையில் 1931 இலேயே இருபத்தொரு அகவை நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் ஒப்போலை வந்துவிட்டது. 1959 இல் அதைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். நமக்கு முப்பதாண்டு முன்னதாக! முற்போக்கு என்று உலகம் பாராட்டியது. ஆனால் 1948 இன் குடியுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலக்கம் பேரின் குடியுரிமையையும் ஒப்போலையையும் முன்னரே பறித்துவிட்டிருந்தன. நம் சேலம் மாவட்டத்திலிருந்தும் திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டுக் காடழித்துத் தேயிலை நட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1947 தேர்தலில் தம் சார்பாளரைத் தாமே தெரிந்தெடுத்தவர்கள் 1952 இல் கைகட்டி நின்றார்கள். எனவே 1960 தேர்தலில் கொழும்பில் பதினெட்டு அகவை இளைஞன் ஒப்போலை இட்டான். அட்டனில் அறுபது அகவைத் தோட்டத் தொழிலாளிக்கு ஒப்போலை இல்லை. 1964 இல் அவர்களைக் கேளாமலே இரு நாட்டுத் தலைமையமைச்சரும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தீர்ந்தது.

அங்கே போவானேன்? 1983 க்குப் பின் ஈழத்திலிருந்து வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோர்க்கு, 1987 சூலைக்குப் பின் இம்மண்ணிலேயே பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, முப்பதைக் கடந்துவிட்ட மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்நாட்டில் ஒப்போலை இல்லை. 2019 இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அகவை என்பது ஒப்போலைக்குப் போடப்படும் வேலிகளில் ஒன்றுதான். வேலி போடுகிறவன் யாரென்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, பதினாறுக்கு வருவோம். பதினாறு அகவையினர் அறியாச் சிறுவர் என்கிறது சட்டம். ஆனால் எல்லா இடத்திலும் அப்படிச் சொல்கிறதா? 2015 ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, கொடுங்குற்றம் செய்த பதினாறு முதல் பதினெட்டு வரையுள்ளோரை, உரிய ஆய்வுக்குப் பின், முழு அகவையர் போலவே வைத்து உசாவலாம். 2016 இன் திருத்தப்படி, பதினான்கைக் கடந்தவனை இடர்மிகு தொழில்கள் அல்லாதவற்றில் கூலிக்கு அமர்த்தலாம். நம் வட்டாரத்தில் பள்ளியை விட்டு நின்ற எத்தனை பையன்கள் குச்சிக்கிழங்குக் காட்டிலும் மஞ்சள் காட்டிலும் நாட்கூலிக்குப் போகிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவன் வாங்கும் சட்டைக்கும் செருப்புக்கும் அரசு வரி எடுக்கிறது. உன் அகவை என்ன என்று கேட்டு எடுப்பதில்லை. 2022 இல் கொண்டுவந்த அக்கினிபத்துத் திட்டத்தில் பதினேழரை அகவையில் படைக்கு ஆள் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் பதினெட்டு அகவை இளைஞரை வியட்நாம் போருக்கு இழுத்துப் போனபோது, சாகத் தகுதியுள்ளவனுக்கு ஒப்போலை இடத் தகுதியில்லையா என்ற கேள்வி எழுந்துதான் 1971 இல் அங்கே இருபத்தொன்று பதினெட்டாயிற்று. அதே கேள்வியை நாம் கேட்கக் கூடாதா?

இன்னும் நெருக்கமான செய்தி மருத்துவ நுழைவுத் தேர்வு. பதினேழு அகவைப் பிள்ளைகள் எழுதும் தேர்வு அது. அது வேண்டா என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2022 பிப்பிரவரியில் மறுபடியும் நிறைவேற்றியது. தில்லி ஒப்புதல் தர மறுத்துவிட்டது. இவ்வளவிலும் அத்தேர்வை எழுதுகின்ற பிள்ளைக்கு எங்கேனும் ஓர் ஒப்போலை இருந்ததா? அப்பிள்ளைக்கு ஒப்போலை வரும்போது தேர்வு முடிந்து, வாழ்வின் திசையும் மாறியிருக்கும்.

எதிர்ப்புரைகளையும் நேர்மையாகப் பார்ப்போம். பெற்றோர் சொன்ன பக்கம்தான் பிள்ளை இடும் என்கிறார்கள். 1921 இல் நயன்மைக் கட்சி ஆட்சியில் சென்னை மாகாணம் இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகப் பெண்டிர்க்கு ஒப்போலை தந்த காலத்தில், கணவன் சொன்ன பக்கம்தான் மனைவி இடுவாள் என்ற பேச்சு உலகெங்கும் இருந்தது. அப்பேச்சை இன்று எவரேனும் வெளிப்படையாகச் சொல்லத் துணிவாரா?

திரைப்பட நடிகர் பின்னால் ஓடுவார்கள் என்கிறார்கள். ஓடுகிறார்கள்தாம். எனக்கு இதில் வருத்தமுண்டு, வெட்கமுமுண்டு. ஆனால் அறுபதாண்டுகளாகத் திரைக்கொட்டகையிலிருந்து கோட்டைக்கு வழி போட்டவர்கள் பதினாறு அகவையினரா? இருபத்தொன்றைக் கடந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். பணத்துக்கு விலைபோவார்கள் என்கிறார்கள். 2016 இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 இல் சென்னை இராதாகிருட்டிணன் நகரிலும், 2019 இல் வேலூரிலும் பணம் பாய்ந்ததென்று தேர்தல் ஆணையமே தேர்தலை நிறுத்தியது. அங்கே உறையைக் கைநீட்டி வாங்கிய ஒவ்வொருவரும் முழு அகவையர்.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தரும் எதிர்ப்புரை வேறு. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒப்போலையாளர் ஆகிவிட்டால், சாதிச் சங்கங்கள் பள்ளி வாயிலுக்கு வந்துவிடும் என்பது. இதை எளிதாகத் தள்ள முடியாது. 2023 இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீட்டுக்குள் புகுந்து உடன்படிப்பவர்களே வெட்டினார்கள். அதன்பின் அரசு அமர்த்திய, முன்னாள் நடுவர் சந்துரு தலைமையிலான குழு 2024 இல் தந்த அறிக்கையில், மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு வரை பேச வேண்டியிருந்தது. சாதி பள்ளிக்குள் முன்னரே வந்துவிட்டது, ஒப்போலையோடு வரவில்லை என்பது உண்மை. ஆயினும் ஒப்போலை அதற்கு எண்ணெய் ஊற்றாது என்று நான் உறுதி கூற மாட்டேன். பள்ளி வளாகத்துக்குள் கட்சிக்கும் சாதிச் சங்கத்துக்கும் தேர்தல் பரப்புரைக்கும் கடுந்தடை வேண்டும். அத்தடையில்லாமல் இவ்வுரிமை வருவதை நான் விரும்பவில்லை.

பிற நாடுகள் என்ன செய்தன? பிரேசில் 1988 அரசமைப்பிலேயே பதினாறு அகவையினர்க்கு, விரும்பினால் இடலாம் என்று உரிமை தந்தது. ஆசுத்திரியா 2007 இல் எல்லாத் தேர்தலுக்கும் பதினாறாக்கியது. நம் தமிழர் வாழும் மலேசியா 2019 இல்தான் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது. சிங்கப்பூரில் இன்றும் இருபத்தொன்றே. ஆனால் நாம் பாடம் கற்க வேண்டிய இடம் சுகாத்துலாந்து. 2014 செப்டம்பர் 18 அன்று தம் நாடு தனியே பிரிவதா, பிரித்தானியாவோடு இருப்பதா என்று அம்மக்கள் ஒப்போலை இட்டார்கள். அதில் பதினாறு, பதினேழு அகவையினரையும் சேர்த்தார்கள். ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் பதிந்துகொண்டார்கள். விடுதலைக் கோரிக்கை தோற்றது என்பது வேறு. ஒரு தேசிய இனம் தன் வருங்காலத்தைத் தீர்மானிக்கும்போது, அவ்வருங்காலத்தில் நெடுநாள் வாழப்போகிறவனைக் கேட்டார்கள். அடுத்த ஆண்டே சுகாத்துலாந்து நாடாளுமன்றம் தன் தேர்தல்களுக்குப் பதினாறை நிலையாக்கியது. வேல்சு அதைப் பின்பற்றியது. இலண்டன் பதினெட்டிலேயே நின்றது. 2025 சூலையில்தான் அங்குள்ள அரசும் பதினாறுக்கு இறங்கப்போவதாக அறிவித்தது. இங்கேயும் சிறியவன் முந்தினான், பெரியவன் பின்னால் வந்தான்.

இதைத்தான் தமிழ்நாடு செய்ய வேண்டும் என்கிறேன். 326 ஆம் பிரிவு மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் மட்டுமே அகவை வகுக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் தில்லிக்குப் போக வேண்டும். உள்ளாட்சியோ மாநிலப் பட்டியலில் உள்ளது. 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் நகராட்சிச் சட்டத்தையும் நம் சட்டமன்றமே திருத்தலாம். ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பதினாறு என்று முதலில் வைப்போம். வசிட்ட ஆற்றில் ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்ல, அதன் கரையில் வளரும் பதினாறு அகவைப் பெண்ணுக்கு என்ன அறிவு குறைந்துவிட்டது? 2017 சனவரியில் ஏறுதழுவலுக்காக மாணவர் திரண்டபோது, ஒரு கிழமைக்குள் சட்டமன்றம் கூடிச் சட்டம் திருத்தியதை, கூலமேட்டு வாடிவாயிலை அறிந்த ஆத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் குறையாகத் தெரிகிறது. உரிமையைக் கொடுத்தாலும் தேர்தலை நடத்தினால்தானே! 1986 க்குப் பின் 1996 வரை இங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2016 இல் முடிந்த காலத்துக்கு 2019 திசம்பரில்தான் ஊராட்சித் தேர்தல் வந்தது. சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 சனவரியில் முடிந்ததும் தனி அலுவலர்களிடம் ஊராட்சிகள் ஒப்படைக்கப்பட்டன. தில்லி நம்மை ஆளுநரைக் கொண்டு ஆள்கிறது என்று குறைகூறும் நாம், நம் ஊர்களை அலுவலர்களைக் கொண்டு ஆள்வது எந்த முறை? இதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் சனவரி 1 அன்று பதினெட்டு நிரம்பியிருந்தால்தான் பட்டியலில் பெயர் சேரும். சனவரி 2 இல் பிறந்தவன் ஓராண்டு காத்திருப்பான். 2021 இன் திருத்தத்துக்குப் பின் சனவரி, ஏப்பிரல், சூலை, அத்தோபர் ஆகியவற்றின் முதல் நாள் என நான்கு நாள்கள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. பதினேழு நிரம்பியவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இவ்வவையில் அப்படிப்பட்ட பிள்ளைகள் பலரைக் காண்கிறேன். படிவம் 6 ஐ உங்கள் சாவடி நிலை அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டுப் பெறுங்கள். பெயரையும் தந்தை, தாய் பெயரையும் கிரந்த எழுத்துக் கலவாமல் எழுதுங்கள். தலைப்பெழுத்தையும் தமிழிலேயே இடுங்கள். எழுதத் தெரியாத வீட்டாருக்கு நிரப்பிக் கொடுக்க, வரும் ஞாயிறன்று காலை நம் தோழர்கள் இதே இடத்தில் இருப்பார்கள்.